பெண்குரலும் மக்கள்மொழியும்: சிந்திக் கவிஞர் ஷா அப்துல் லத்தீபின் வாழ்வும் படைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

சிந்தி மொழியின் தலைமைக் கவிஞராகப் போற்றப்படும் ஷா அப்துல் லத்தீப் (1689–1752), பாரசீகம் ஆட்சிமொழியாகவும் அரபு சமய மொழியாகவும் விளங்கிய காலத்தில் வாழ்ந்தவர். சையிது குடியில் பிறந்த அவர் குடியானவரும் மீனவரும் ஆயரும் பேசிய சிந்தியைத் தம் பாட்டுக்குரிய மொழியாகக் கொண்டார். இறைவேட்கையைச் சொல்வதற்குச் சலவையாளர் வீட்டிலும் குயவர் வீட்டிலும் ஆயர் குடியிலும் வளர்ந்த பெண்களின் குரலைத் தேர்ந்தார். அப்பாடல்களைக் காக்கும் பொறுப்பை அரசவையிடமோ கல்விக்கூடத்திடமோ விடாமல், இரவுதோறும் பாடும் ஒரு குழுவிடம் ஒப்படைத்தார். மொழி, குரல், காப்பு ஆகிய இம்மூன்று தேர்வுகளும் அவருடைய வாழ்க்கையிலிருந்து எவ்வாறு உருவாயின என்பதை இக்கட்டுரை காண்கிறது.

திறவுச் சொற்கள்: சிந்தி இலக்கியம், சூஃபி நெறி, ரிசாலோ, சுர், தலைவி கூற்று, வாய்மொழி மரபு

முன்னுரை

இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஹாலா நகருக்கு அருகே பிட் ஷா என்னும் ஊர் உள்ளது. பிட் என்பதற்குச் சிந்தி மொழியில் மணல்மேடு என்பது பொருள். அம்மணல்மேட்டில் வாழ்ந்து அங்கேயே அடங்கிய கவிஞரைச் சிந்தி மக்கள் ஊர்ப்பெயரால் பிட்டாய் என்று அழைக்கின்றனர். அவர் பாடல்களின் தொகுப்பு ஷா ஜோ ரிசாலோ எனப்படும். ஷாவின் நூல் என்பது அதன் பொருள். முசுலிம்களும் இந்துக்களும் தமக்குரியதெனக் கொண்டாடும் நூல் அது.

பிட்டாயின் வாழ்க்கையை எழுத முற்படுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அவர் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த தட்டா நகரத்து வரலாற்றாசிரியர் மீர் அலி ஷேர் கானி, தம் பாரசீக நூலில் அவரைப் பற்றிச் சுருக்கமான குறிப்பையே தந்துள்ளார். விரிவான வாழ்க்கை வரலாறுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தோன்றின. மிர்சா கலீச் பேக், லீலாராம் வத்தன்மல் லால்வானி ஆகியோர் அடியார்களிடமும் முதியோர்களிடமும் கேட்டறிந்தவற்றைத் தொகுத்தனர். ஆகவே பிட்டாயின் வாழ்வாக இன்று வழங்குவதில் வரலாறும் அடியார் கதையும் பின்னிக் கிடக்கின்றன. இரண்டையும் வேறுபடுத்திக் காண்பது தேவை. எனினும் அடியார் கதைகளை முற்றிலும் ஒதுக்கிவிடுதல் இயலாது. ஒரு சமூகம் தன் கவிஞரை எவ்வாறு நினைவில் வைத்திருக்க விரும்பியது என்பதற்கு அவையே சான்றாகின்றன.

காலமும் களமும்

லத்தீப் பிறந்தபோது சிந்து முகலாயப் பேரரசின் பகுதியாக இருந்தது. 1707இல் ஔரங்கசீப் மறைந்த பின் பேரரசு தளர்ந்தது. சிந்துவில் கல்ஹோராக் குடியினர் கை ஓங்கியது. சமயத் தலைவர்களாகத் தொடங்கிய கல்ஹோராக்கள் படிப்படியாக நிலவுடைமையும் படைவலிமையும் பெற்று ஆட்சியாளராயினர். 1739இல் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடினார். அடுத்த ஆண்டு அவர் படை சிந்துவுக்குள் நுழைந்தது. கல்ஹோரா அரசர் நூர் முகம்மது, உமர்கோட் கோட்டையில் அடைக்கலம் புகுந்தும் பணிய நேர்ந்தது. பெருந்தொகை திறையாகப் பறிபோயிற்று. 1747க்குப் பின் ஆப்கானிய அரசர் அகமது ஷா அப்தாலியின் மேலாண்மை வந்தது. லத்தீபின் அறுபதாண்டு வாழ்வு இவ்வரசியல் கொந்தளிப்புகளுக்கு நடுவே கழிந்தது. இருந்தும் அரசர் எவரையும் புகழ்ந்து பாடிய கவிஞராக அவர் அறியப்படவில்லை.

அக்காலச் சிந்துவின் கல்வித் தலைநகர் தட்டா. ஆட்சி ஆவணங்களும் வரலாறும் கவிதையும் பாரசீகத்தில் எழுதப்பட்டன. மார்க்கக் கல்வி அரபில் நிகழ்ந்தது. சிந்தி முற்றிலும் புறக்கணிக்கப்பட்டதென்று கூறுதல் பொருந்தாது. அபுல் ஹசன், மக்தூம் முகம்மது ஹாஷிம் முதலிய தட்டா அறிஞர்கள் தொழுகை முறைகளையும் மார்க்க விதிகளையும் எளியோர்க்குக் கற்பிக்கும்பொருட்டுச் சிந்திச் செய்யுளைக் கையாண்டனர். ஆனால் அவர்கள் கையில் சிந்தி கற்பிக்கும் கருவியாக இருந்தது. உயர்ந்த அனுபவத்தைச் சொல்வதற்குரிய மொழி பாரசீகமே என்னும் எண்ணம் கற்றோரிடையே வேரூன்றியிருந்தது. லத்தீப் விலகிச் சென்றது இவ்வெண்ணத்திலிருந்துதான்.

குடிமரபும் கல்வியும்

லத்தீபின் முன்னோர் ஹெராத் நகரிலிருந்து வந்து சிந்துவில் குடியேறிய சையிதுகள் என்று குடிவழிச் செய்தி கூறுகிறது. நபிகள் வழித்தோன்றல்கள் என்பதால் சையிதுகளுக்குச் சமூகத்தில் தனி மதிப்பு இருந்தது. அவருடைய முன்னோருள் ஒருவர் புல்ரி ஊரைச் சேர்ந்த ஷா அப்துல் கரீம். 1623இல் மறைந்த அவர், தொடக்ககாலச் சிந்திக் கவிஞர்களுள் ஒருவர். அவர் பாடல்கள் நமக்குக் கிடைத்த வழி கருதத்தக்கது. சீடர் ஒருவர் அவருடைய உரைகளைப் பாரசீகத்தில் தொகுத்தபோது, இடையிடையே அவர் சொன்ன சிந்திப் பாக்களை அப்படியே எழுதிவைத்தார். பாரசீக உரைநடை என்னும் பேழைக்குள் சிந்திப் பாக்கள் பிழைத்திருந்தன. கரீமுக்கும் முற்பட்ட காசி காதனின் ஏழு பாக்களும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன.

இக்குடியில் ஷா ஹபீபின் மகனாக லத்தீப் 1689இல் ஹாலாவுக்கு அருகிலுள்ள ஹாலா ஹவேலியில் பிறந்தார். அவர் எழுத்தறியாதவர் என்றும், முதல் எழுத்துக்கு அப்பால் கற்க மறுத்தார் என்றும் அடியார் கதை கூறும். இறைவனின் பெயர் அவ்வெழுத்தில் தொடங்குவதால் அதற்குமேல் எதுவும் தேவையில்லை என்பது அக்கதையின் உட்கருத்து. ரிசாலோவோ வேறு சான்று தருகிறது. திருக்குர்ஆன் தொடர்களும் நபிமொழிகளும் பாக்களின் ஓசைக்குள் இயல்பாக இழைக்கப்பட்டுள்ளன. பாரசீகப் பெருங்கவிஞர் ஜலாலுத்தீன் ரூமியின் பெயர் மதிப்புடன் எடுத்தாளப்படுகிறது. திருக்குர்ஆன், ரூமியின் மஸ்னவி, கரீமின் பாக்கள் ஆகிய மூன்றும் அவர் பிரியாது வைத்திருந்த நூல்கள் என்னும் வழக்கும் உண்டு. எழுத்தறியாமை பற்றிய கதையை, ஏட்டுக்கல்வியைவிட நேரடி அறிவை உயர்த்தும் சூஃபி மரபின் வெளிப்பாடாகக் கொள்வதே பொருத்தமாகும்.

கோட்ரி நிகழ்வும் அலைவும்

ஷா ஹபீப் தம் குடும்பத்துடன் கோட்ரி என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். இது சிந்து ஆற்றங்கரையில் இன்றுள்ள கோட்ரி நகரம் அன்று. பிட் மேட்டுக்குச் சில கல் தொலைவில் இருந்து பின்னர் அழிந்த ஊர். அங்கு மிர்சா முகல் பேக் என்னும் செல்வர் வாழ்ந்தார். பதினாறாம் நூற்றாண்டில் சிந்துவை ஆண்ட அர்கூன் குடியின் வழியினர் அவர். அவர் வீட்டில் யாரேனும் நோயுற்றால் சையிதுகளை அழைத்து வேண்டுதல் செய்விப்பது வழக்கம். ஒருமுறை மிர்சாவின் மகள் நோயுற்றபோது தந்தைக்குப் பதிலாக இளைஞர் லத்தீப் சென்றார். அப்பெண்ணின் விரலைப் பற்றி அவர் சொன்ன சொல் மருத்துவமாக அமையாமல் காதலின் வெளிப்பாடாக அமைந்ததென்றும், மிர்சா சினமுற்றுச் சையிதுகளுக்குத் தொல்லை கொடுத்ததால் அவர்கள் அவ்வூரைவிட்டு அகன்றனர் என்றும் கதை தொடர்கிறது.

இதன் பின் லத்தீப் யோகியருடன் சேர்ந்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் அலைந்தார் என்பர். மக்ரான் கரையை ஒட்டிய ஹிங்லாஜ் தேவி தலம், கஞ்சோ மலை, லாஸ்பேலா, கட்ச், கிர்நார், துவாரகை, ஜைசல்மேர், தார்ப் பாலை ஆகியன அவர் சென்ற இடங்களாகக் கூறப்படுகின்றன. பயணக் குறிப்பு எதுவும் இல்லாத நிலையில் இப்பட்டியல் பெரிதும் பாடல்களைக் கொண்டே உருவானது. ஆயினும் காதில் வளையமும் சாம்பல் பூச்சும் ஊதுகொம்பும் உடைய நாத யோகியரின் வாழ்க்கையை ராம்கலி என்னும் பகுதி காட்டும் விதம், நூலறிவால் மட்டும் வந்ததெனக் கொள்ள இயலாது. பற்றற்ற அத்துறவியரைப் பிற சமயத்தார் என்று விலக்காமல், தேடலில் முந்திச் சென்ற வழிகாட்டிகளாக அவர் பாடினார்.

பின்னர் மிர்சாவின் குடும்பத்தைக் கொள்ளையர் தாக்கினர். ஆண்கள் பலர் மாண்டனர். சையிதுகளுக்கு இழைத்த தீங்கின் விளைவு இது எனக் கருதிய அக்குடும்பப் பெண்கள், லத்தீபுக்கு அப்பெண்ணை மணம் செய்வித்தனர். இத்திருமணம் 1713 அளவில் நிகழ்ந்ததாகக் கூறுவர். குழந்தைப்பேறு இல்லை. மனைவியும் அவருக்கு முன்பே மறைந்தார். இந்நிகழ்வில் ஒரு முரண் உள்ளது. மறுக்கப்பட்ட காதலை ஆணின் புலம்பலாக லத்தீப் எங்கும் பாடவில்லை. பிரிவின் வேதனையை அவர் பெண்ணின் வாயிலாகவே சொன்னார்.

ஜோக் அறவோரின் கொலை

லத்தீபின் இளமையில் சிந்துவை உலுக்கிய நிகழ்வு ஜோக் ஊரில் நடந்தது. அவ்வூரில் ஷா இனாயத் என்னும் சூஃபி அறவோர் தம் அடியார்களுடன் நிலத்தைப் பொதுவில் உழுது, விளைச்சலைப் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் வாழ்முறையை ஏற்படுத்தினார். அண்டை ஊர்க் குடியானவர்கள் தம் நிலக்கிழார்களை விட்டு அங்குச் சென்று சேரத் தொடங்கினர். சினமுற்ற நிலக்கிழார்கள் தட்டாவின் முகலாய ஆளுநரிடம் முறையிட்டனர். ஆளுநர் படையும் கல்ஹோராப் படையும் ஜோக்கை முற்றுகையிட்டன. நீண்ட முற்றுகைக்குப் பின், பேச்சுவார்த்தைக்கென அழைக்கப்பட்ட ஷா இனாயத் சிறைப்பட்டு 1718இல் கொல்லப்பட்டார்.

இம்முறையீட்டில் புல்ரியின் சையிதுகளுக்கும் பங்கு இருந்தது. தம்மைச் சார்ந்திருந்த அடியார்கள் ஜோக்கை நாடியதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. புல்ரிச் சையிதுகள் லத்தீபின் முன்னோரான கரீமின் வழியினர். ஆக, அறவோரைக் கொன்ற அணியில் லத்தீபின் உறவினரே நின்றனர். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு அல்லது இருபத்தொன்பது. ரிசாலோவில் இந்நிகழ்வு பெயர் சுட்டிக் கூறப்படவில்லை. ராம்கலியில் யோகியர் அகன்றுவிட்ட வெறுமையை எண்ணி எழும் புலம்பலில் ஜோக்கின் வீழ்ச்சியை உணர்ந்த ஆய்வாளர்கள் உண்டு. அதை உறுதிப்படுத்தச் சான்று இல்லை. உறுதியாகச் சொல்லத்தக்கது வேறொன்று. தம் குடிப்பிறப்பு அளித்த நிலமும் செல்வாக்கும் உடைய பீர் வாழ்க்கையை லத்தீப் நாடவில்லை. மக்கள் குடியேறாத ஒரு மணல்மேட்டை நாடினார்.

பிட் மணல்மேடு

கோட்ரிக்கு அண்மையில், கிரார் ஏரியை ஒட்டி, முட்புதர் மண்டிய மேடு ஒன்று இருந்தது. லத்தீபும் அவரைச் சார்ந்தோரும் அங்கு மண் சுமந்து குடில்கள் அமைத்தனர். நாளடைவில் உழவரும் கைவினைஞரும் துறவியரும் பாடகரும் அங்கு வந்து கூடினர்.

பிட் மேட்டின் தனிச்சிறப்பு இசை. இசை கேட்பது மார்க்கத்துக்கு ஏற்றதா என்னும் வழக்கு அக்காலத் தட்டா அறிஞரிடையே கடுமையாக நடந்தது. லத்தீபின் நண்பரான தட்டா அறிஞர் மக்தூம் முயீன் இசைக்கு இணக்கமானவர். நேரடி ஆசான் இன்றியும் ஒருவர் ஞானநெறியில் செல்ல இயலுமா என்று லத்தீப் வினவியதற்கு விடையாக முயீன் பாரசீகத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். அறிஞருலகத்தோடு லத்தீபுக்கு இருந்த தொடர்பை இது காட்டுகிறது. அவ்வுலகத்துக்குள் புகும் தகுதி இருந்தும் அவர் வெளியே நின்றார்.

இசைக்கெனத் தன்பூரோ என்னும் ஐந்து நரம்புக் கருவியை அவர் வடிவமைத்தார் என்பது பிட் மரபின் கொள்கை. தில்லியிலிருந்து அட்டல், சஞ்சல் என்னும் பாடகர் இருவர் வந்து சேர்ந்ததாகவும் அம்மரபு கூறும். அடியார்கள் தன்பூரோவை மீட்டி, தாழ்ந்த குரலும் மிக உயர்ந்த குரலும் மாறிமாறி ஒலிக்கப் பாடுவர். ஆண்கள் தம் இயல்புக்குரலை விடுத்து எழுப்பும் அவ்வுயர்ந்த குரல் பாட்டுடைத் தலைவியரின் குரலாகக் கொள்ளப்படுகிறது. இரவுதோறும் பாடும் அவ்வழக்கம் பிட்டில் இன்றும் தொடர்கிறது.

ரிசாலோவின் அமைப்பு

ரிசாலோ சுர் எனப்படும் பகுதிகளால் ஆனது. பெரும்பாலான பதிப்புகளில் முப்பது சுர்கள் உள்ளன. சுர் என்பது பண்ணையும் அப்பண்ணில் பாடப்படும் பொருளையும் ஒருங்கே குறிக்கும். கல்யாண், கேதாரோ, பிலாவல், ஆசா போன்றவை இந்துஸ்தானி இசை அறிந்தோர்க்குப் பழகிய பெயர்கள். சொஹ்ணி, மாருயீ போன்ற பெயர்கள் கதைத்தலைவியரால் வந்தவை. ஒவ்வொரு சுரும் பல இயல்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். இயலில் பைத் என்னும் பாக்கள் தொடர்ந்து வர, முடிவில் வாயீ என்னும் இசைப்பாடல் அமையும். பைத், வட இந்திய தோஹா வடிவத்தின் வழிவந்தது. பாரசீக யாப்பின் அளவுமுறைக்கு அது கட்டுப்பட்டதன்று. இறுதி அடியில் இயைபுச் சொல் அடியின் நடுவே நிற்பது அதன் தனித்தன்மை. வாயீ, பல்லவி போன்ற ஓரடியைக் குழுவினர் திரும்பத் திரும்பப் பாடுவதற்கு ஏற்றது.

இவ்வமைப்பை லத்தீப் புதிதாகப் படைத்தார் எனல் பொருந்தாது. அவருடைய மூத்த சமகாலத்தவரான மியோன் ஷா இனாத் ரிஸ்வி என்னும் கவிஞர் சுர் முறையில் முன்பே பாடியுள்ளார். கரீமின் பாக்கள் சிலவும் ரிசாலோவினுள் கலந்துள்ளன. மரபாக வந்த வடிவத்துக்கும் பழங்கதைகளுக்கும் லத்தீப் அளித்த ஆழமே அவருடைய பங்களிப்பு.

தலைவியர் குரல்

பாரசீக ஞானக் கவிதையில் காதலிப்பவர் பெரும்பாலும் ஆண். லத்தீப் சிந்துவின் நாட்டார் கதைகளிலிருந்து தலைவியரைத் தேர்ந்து, தேடும் உயிரை அவர்கள் வடிவில் நிறுத்தினார். சசூயீ, சொஹ்ணி, மாருயீ, மூமல், நூரி, லீலா, சோரட் ஆகியோரை ரிசாலோவின் எழு தலைவியர் என்பர். தமிழில் தன்மை வினைமுற்று பேசுவோரின் பாலைக் காட்டாது. சிந்தியில் தன்மை வினைவடிவங்கள் பல பாலை உணர்த்துவன. அதனால் பாடுவது பெண் என்பது பாவின் வினைமுற்றிலேயே ஒலிக்கும். மார்க்கம் கற்ற சையிது ஒருவர் தம் வினைமுற்றுகளைப் பெண்பாலில் அமைத்துப் பாடினார் என்பது அக்காலச் சூழலில் சிறு செய்தியன்று.

சசூயீயின் கதை ஐந்து சுர்களில் விரிகிறது. பாம்போர் நகரத்துச் சலவையாளர் வீட்டில் வளர்ந்த அவள், கேச் நாட்டு இளவரசன் புன்ஹுவை மணந்தாள். அவள் உறங்கும்போது அவனுடைய உடன்பிறந்தார் அவனை ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு சென்றனர். விழித்தெழுந்த சசூயீ பாலையும் மலையும் கடந்து கால் தேய நடந்து மாண்டாள். பிறப்பு முதல் கதை சொல்லுதல் லத்தீபின் முறையன்று. கேட்போர் கதையை அறிவர்; ஆகவே அவர் அவளைப் பாலையின் நடுவிலேயே காட்டுகிறார். உறங்கியதே அவள் பிழை, நடப்பதே அதற்குத் தீர்வு. தேடப்படுபவன் தன்னுள் இருப்பதை அவள் நடந்து நடந்தே அறிகிறாள். இருந்தும் நடையை அவள் நிறுத்துவதில்லை.

சொஹ்ணி குயவர் மகள். எருமை மேய்க்கும் மேஹாரைக் காண இரவுதோறும் சுட்ட மண்குடத்தைத் தழுவி ஆற்றை நீந்துவாள். நாத்தனார் அதை எடுத்துவிட்டுப் பச்சைக் குடத்தை வைக்க, அது நடு ஆற்றில் கரைந்தது, சொஹ்ணி மூழ்கினாள். சமூக ஒழுக்கம் இவளைக் குற்றவாளியாக்கும். லத்தீப் இவளது துணிவை உயர்த்திப் பாடுகிறார். கரையில் நின்று ஆழம் அளப்போர் பலர். குடம் கரைந்த பின்னும் எதிர்க்கரை நோக்கியே நீந்துபவள் இவள் ஒருத்தி.

மாருயீ தார்ப் பாலையின் மலீர் பகுதியைச் சேர்ந்த ஆயர் குடிப் பெண். உமர்கோட் அரசன் உமர் அவளைக் கவர்ந்து சென்று கோட்டையில் அடைத்தான். பட்டும் பொன்னும் அவன் தந்தான். அவளோ கந்தலான கம்பளிப் போர்வையைக் களைய மறுத்தாள். தன் ஊர்க் கிணறும் காட்டுக் கனியும் மழைக்குப் பின் துளிர்க்கும் புல்லும் அவள் நினைவில் நின்றன. உயிர் தன் மூலத்தை நோக்கி ஏங்குவதாக ஞானியர் இதற்குப் பொருள் கொள்வர். வலியோன் ஒருவனின் கோட்டையில் எளிய பெண்ணொருத்தி தன் மக்களைக் கைவிடாது நின்றாள் என்னும் நேர்ப்பொருளும் அதற்குக் குறையாத வலிமை உடையது. நாதிர் ஷாவின் முன் பணிய நேர்ந்த சிந்து அரசன் அடைக்கலம் புகுந்ததும் உமர்கோட்டையிலேயே. பழங்கதையில் அதே கோட்டைக்குள் ஆயர் மகள் ஒருத்தி பணியாது நின்றாள்.

உழைப்போர் உலகம்

கதை சாராத சுர்களில் சிந்துவின் தொழில்கள் இடம்பெறுகின்றன. கபாயிதி நூல் நூற்கும் பெண்ணைப் பாடுகிறது. அஞ்சி அஞ்சி நுண்மையாக நூற்பவளின் நூலை எடையிடாமலே வணிகன் ஏற்பான்; செருக்குடன் நூற்றவளின் நூல் திருப்பப்படும். சாமுண்டி கடலோடிகளின் மனைவியரைப் பாடுகிறது. பாய்மரம் ஏற்றப்படும் பருவத்தில் துறையில் நின்று நங்கூரக் கயிற்றைப் பற்றிக்கொள்ளும் பெண்களின் துயரம் அதில் உண்டு. வணிகர் செல்லும் நாடாக இலங்கையின் பெயரும் அதில் வருகிறது. காத்து, இன்றைய கராச்சியின் பழம்பெயரான கோலாச்சியின் நீர்ச்சுழியில் மாண்ட மீனவர்களைப் பாடுகிறது.

சாரங் மழையைப் பாடும் சுர். கார்முகில் திரளுதலும் மின்னலும் எருமைகள் புல்வெளிக்குத் திரும்புதலும் பால் பெருகுதலும் அதில் காட்சியாகின்றன. மழைக்கு ஏங்கும் அச்சுர், பஞ்சத்தை எதிர்நோக்கித் தானியத்தைப் பதுக்கி வைப்போரைச் சபிக்கவும் செய்கிறது. முடிவில் முகில்கள் இஸ்தான்புல், சமர்கந்து, காபூல், தில்லி, தக்காணம் என எங்கும் பொழியச் செல்கின்றன. சிந்துவுக்கு வளம் வேண்டும் கவிஞர் உலகம் முழுவதும் வளம் பெறுக என வேண்டி நிறைவு செய்கிறார். இன்று சிந்தி மேடைகளில் மிகுதியாக எடுத்தாளப்படும் வேண்டுதல் இதுவே.

இறுதி நாள்கள்

முதுமையில் லத்தீப் கர்பலாவுக்குப் பயணம் புறப்பட்டார் என்றும், பிட் மண்ணிலேயே அடங்க வேண்டும் என்று முன்பு கூறியதை ஒருவர் நினைவூட்டியதால் திரும்பினார் என்றும் கூறுவர். பின்னர்க் கரிய ஆடை உடுத்துத் தனிமையில் இருந்தார். கர்பலாவில் மாண்டோரைப் பாடும் கேதாரோ அக்காலத்ததென மரபு கொள்கிறது. தனிமையிலிருந்து வெளிவந்த அவர் நீராடி, வெண்துகில் போர்த்து, அடியார்களைப் பாடப் பணித்தார். பாட்டும் நரம்பிசையும் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கையில் அவர் உயிர் பிரிந்ததை எவரும் அறியவில்லை என்பது அடியார் கூற்று. அவர் மறைந்த நாள் ஹிஜ்ரி 1165 ஸபர் 14. ஆங்கில ஆண்டு 1752. நீலமும் வெண்மையும் கலந்த ஓடுகள் பதித்த அடக்கத்தலத்தைக் கல்ஹோரா அரசர் குலாம் ஷா எழுப்பினார். ஆண்டுதோறும் ஸபர் 14இல் அங்கு உர்ஸ் விழா நிகழ்கிறது.

பாடுவோரிடமிருந்து அச்சுக்கு

தம் பாடல்கள் எழுதப்பட்டிருந்த ஏடுகளை லத்தீப் கிரார் ஏரியில் எறிந்துவிட்டார் என்றும், பாடல்களை நெஞ்சில் வைத்திருந்த அடியார்களே அவற்றை மீட்டனர் என்றும் ஒரு கதை உண்டு. கதையின் மெய்ம்மை எதுவாயினும், ரிசாலோ முதலில் நினைவிலும் பாட்டிலும் வாழ்ந்தது என்பதை அது சரியாகவே சொல்கிறது. பிட்டில் காக்கப்பட்ட கஞ்ச் என்னும் கையெழுத்துப்படி முதலிய ஏடுகள் பாடும் குழுவின் பயன்பாட்டிலிருந்து தோன்றியவை. பாடல் எண்ணிக்கையிலும் சுர் வரிசையிலும் படிகளிடையே வேறுபாடு மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம்.

1843இல் ஆங்கிலேயர் சிந்துவைக் கைப்பற்றினர். சில ஆண்டுகளில் பாரசீகம் ஆட்சிமொழி நிலையை இழந்தது. 1853இல் அரபு எழுத்தை அடிப்படையாகக் கொண்ட 52 எழுத்துகளுடைய சிந்தி நெடுங்கணக்கு வரையறுக்கப்பட்டது. லத்தீப் மறைந்து நூறாண்டு கழித்து அவர் தேர்ந்த மொழி அலுவலகத்துக்குள் நுழைந்தது. 1866இல் செருமானிய மொழியியலார் எர்ன்ஸ்ட் டிரம்ப் ரிசாலோவை லைப்சிக் நகரில் அச்சேற்றினார். அடுத்த ஆண்டு பம்பாயிலும் ஒரு பதிப்பு வந்தது. கராச்சிப் பேராசிரியர் ஹோத்சந்த் மூல்சந்த் குர்பக்ஷாணி பல படிகளை ஒப்பிட்டு, பாட வேறுபாடும் சொற்பொருளும் தந்து, 1923 முதல் 1931 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். 1940இல் எச். டி. சார்லி அக்காலச் சமூக வரலாற்றோடு இணைத்து ஆங்கிலத்தில் விரிவான ஆய்வை வெளியிட்டார். அச்சு, பாடத்தை நிலைப்படுத்தியது. ஆயினும் பண் அறிந்த பாடுவோரை விட்டுச் சுரைப் படிப்பது அதன் பாதியைப் படிப்பதாகும்.

முடிவுரை

1947 நாட்டுப் பிரிவினையின்போது பல இலட்சம் சிந்தி இந்துக்கள் தாயகம் நீங்கி இந்தியாவுக்கு வந்தனர். அவர்களுக்கென மாநிலம் இல்லை. எழுத்திலும் அரபு வடிவா தேவநாகரியா என்னும் பிளவு ஏற்பட்டது. 1967இல் சிந்தி இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. புலம்பெயர்ந்தோர் தம்முடன் கொண்டுவந்த நூல்களுள் ரிசாலோ முதன்மையானது. பம்பாயில் வாழ்ந்த கல்யாண் அத்வானி ரிசாலோவைப் பதிப்பித்ததோடு அதன் ஆய்வுக்காகச் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். எல்லைக்கு அப்பால், தம் மொழிக்கு உரிய இடம் கேட்டுப் போராடிய சிந்திக் கவிஞர் ஷேக் அயாஸ் ரிசாலோவை உருதுச் செய்யுளில் பெயர்த்தார். தாயகம் இழந்தோரும் தாயகத்தில் இருந்தே தம் மொழி ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தோரும் மாருயீயின் ஏக்கத்தில் தம்மைக் கண்டனர்.

லத்தீபின் வாழ்க்கையில் உறுதியான நிகழ்ச்சிகள் சிலவே. அவை ஒரே திசையைக் காட்டுகின்றன. உயர்குடிப் பிறப்பும் மார்க்கக் கல்வித் தொடர்பும் அவரைப் பாரசீகத்துக்கும் அரசவைக்கும் அருகில் நிறுத்தின. அவர் குடியானவர் மொழியை நாடினார். குடிமரபு நிலத்தையும் அதிகாரத்தையும் காட்டியது. அவர் மணல்மேட்டை நாடினார். கவிதை மரபு ஆணின் குரலைத் தந்தது. அவர் சலவையாளர் வீட்டுப் பெண்ணாகவும் குயவர் மகளாகவும் ஆயர் மகளாகவும் பேசினார். ஏட்டை அரசவைக்கு அளிக்காமல் பாட்டை அடியார் குழுவுக்கு அளித்தமையால், கல்ஹோராக்களும் அவர்களுக்குப் பின் தால்பூர் மீர்களும் ஆங்கிலேயரும் ஆண்டு அகன்ற பின்னும் அப்பாட்டு நிலைத்தது. சிந்தி மொழி எழுத்தாலும் எல்லையாலும் பிரிவுபட்ட நிலையிலும், அம்மொழி பேசுவோர் அனைவர்க்கும் பொதுவான உடைமையாக ரிசாலோ விளங்குவதற்கு இத்தேர்வுகளே அடிப்படையாகும்.